சாம்பார்ச் சோறும் தெருநாயும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரவு உணவு முடிந்தபின், மிஞ்சிய சாம்பார்ச் சோற்றைத் தெருநாய்க்கு வைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தாராவியில் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலிலும் அதற்கொரு பங்கு. இந்த ஈகையைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஈயும் பொருளைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு நீங்குவதில்லை. சோகை உடனே தெரியாது. சில நாட்கள் கழித்தே நாய் சோர்ந்து விழும். அதற்குள் வைத்த சோற்றை யார் நினைவில் கொண்டிருப்பார்கள்?

பொங்கலிலும் பாயசத்திலும் நாம் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. எவ்வளவு தின்றால் கேடு என்பதற்கு உறுதியான அளவே கிடையாது. டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டினர். அவ்வமிலம் நிறைந்த மற்றொரு பொருள் நம் அடுப்பங்கரைப் புளி! சாம்பாரை நாயிடமிருந்து விலக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

குழம்பு ஊற்றுமுன் ஒரு பிடி வெறுஞ்சோற்றை எடுத்து வைத்தால் போதும். திராட்சையைத் தின்றுவிட்ட நாய்க்கு வாந்தி வரட்டும் என்று காத்திராமல், பரேலிலுள்ள பாய் சகர்பாய் விலங்கு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ உடனே கொண்டுசெல்ல வேண்டும். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்பதே அங்கு கேட்கப்படும் முதற்கேள்வி.