கை தட்டாதீங்க, வாத்து சாப்பிடுது!

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு ஒரு வினோதமான நம்பிக்கை உண்டு. உலகத்தில் எல்லாமே சராசரிச் சாம்பல் நிறம் என்று நினைக்கும். சில மேனேஜர்கள் மாதிரி, எல்லாரையும் ஒரே கிரேடில் போட்டுவிடும். வெயில் நாளில் இது பெரிதாகத் தெரியாது. மார்கழி மப்பில் மானம் போகும். வெளிறிய வானத்தை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தால், மீட்டர் வானத்தைப் பார்த்துவிட்டு, 'அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். பறவை கரிக்கட்டை! எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது ப்ளஸ்ஸில் தள்ளணும்.

நாமக்கோழி இதற்கு நேர் எதிர். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. (தென்கலையா, வடகலையா என்று கேட்காதீர்கள். அவை இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை.) ஃப்ரேம் முழுக்கக் கறுப்பென்றால் மீட்டர் கூட்டிவிடும், நாமம் வெளுத்துப்போகும். இங்கே மைனஸ்.

ஆனாலும் மப்பு நாள்தான் எனக்குப் பிடிக்கிறது. உச்சி வெயிலில் கொக்கு வெறும் வெள்ளைப் பேப்பர். மேகம் மூடினால் ஒவ்வொரு தூவியும் தனித்தனியாகத் தெரியும்.

மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் (இன்றைய ராதாகிருஷ்ணன் சாலை) மா.கிருஷ்ணன் என்று ஒருத்தர் இருந்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். படமெல்லாம் கறுப்பு வெள்ளை. கேமரா? இதில் ஒரு பாகம், அதில் ஒரு பாகம் என்று அவரே ஒட்டுப் போட்டுச் சேர்த்தது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, எடுத்ததும் பார்க்கத் திரை கிடையாது, முக்கியமாக இ.எம்.ஐ. கிடையாது. பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கணும்.

போன மார்கழியில் பள்ளிக்கரணை போயிருந்தேன். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். காலை ஆறே முக்கால், லேசாகத் தூறல். ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் ஷட்டர் 1/250-க்கு மேல் ஏற மறுத்தது. பறக்கிற பறவைக்கு 1/1000-ஆவது வேண்டும். ஆகவே அசையாமல் நிற்கும் மடையானே கதி என்று நானும் அசையாமல் நின்றேன்.

பக்கத்தில் ஒரு தம்பி. லென்ஸ் மட்டும் என் மூணு மாசச் சம்பளம் இருக்கும். எதிரே ஊசிவால் வாத்துகள், வடக்கே எங்கெங்கிருந்தோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த களைப்பில் தலையைத் தண்ணிக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. தம்பிக்கு அவை பறக்கணும். பட், பட்டென்று கை தட்டினான். மொத்தக் கூட்டமும் எழும்பியது.

ரோட்டோரம் சைக்கிளில் டீ விற்கும் பெரியவர் கேனைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது பாட்டுக்குத் துன்னுனு இருக்குதுப்பா. நீ துன்னும்போது எவனாவது இலையை இஸ்தா சும்மா இருப்பியா?"

தம்பி பதில் சொல்லாமல் திரையைப் பார்த்தான். பெரியவரும் எட்டிப் பார்த்தார். சாம்பல் வானத்தில் டிகாக்ஷன் சிந்தின மாதிரி நாலைந்து இழுவைகள்.

"இதுல வாத்து எங்க?" என்றார் பெரியவர்.