எழுத்தைத் தொழாதீர், திருத்துவீர்!

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையிலே சிப்காட் தொழிற்பேட்டை. இரசாயன ஆலைகள் நிறைந்த இடம். அங்கே ஒரு சுவரில் 'நச்சுவாயு! நெருங்காதே!' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சுழியும் கொம்பும் ஒட்டி, எழுத்து மங்கித் தெரிந்தால், அதன் அழகால் யாருக்கு என்ன பயன்? படிக்க முடியாத தொழிலாளியின் உயிரல்லவா போகும்!

எழுத்துரு வடிக்கக் கற்கும் மாணவன் முதலில் உணர்வது இதுதான்: எழுத்து வானிலிருந்து விழுந்ததன்று, மனிதன் கை செய்தது. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமல் விட்டனர். எகர ஏகாரத்தை வடிவிலே பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர். சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடிக்குச் செருமனியிலிருந்து வந்த அச்செழுத்து, பருமனால் தாளை விழுங்கிற்று. உடனே அங்கேயே சிறிய எழுத்தை வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர்.

ணா, றா, னை, லை முதலிய 13 எழுத்துகளுக்கிருந்த தனி வடிவங்களை நீக்கி, 1935-ல் 'குடி அரசு' ஏட்டிலே நடத்திக் காட்டினார் பெரியார். அரசாணை வந்ததோ 1978-ல்! நாற்பத்து மூன்று ஆண்டுகள் மரபு என்ற சொல் வழிமறித்து நின்றது. மாற்றிய பின் தமிழ் அழிந்ததா? குழந்தையின் சுமையல்லவா குறைந்தது!

இளைஞர்களே! எழுத்துரு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். செய்ததைப் புலவரிடம் மட்டும் காட்டாதீர்கள். இரவு வேலை முடித்து வரும் தொழிலாளியிடம் காட்டுங்கள். அவர் கண் தடுமாறும் இடத்தில் திருத்துங்கள். தமிழுக்குத் தொண்டு அதுவே என்கிறோம் நாம்.