ரிசீவர் வந்து பூட்டுப் போட்ட பிறகு மேன்முறையீடு எதற்கு?

மாத்தளையில் நீதிமன்றச் செய்தி சேகரித்த காலத்தில் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "ஐயா, இந்த வரிக்கணக்கு பிழை. மேன்முறையீடு செய்திருக்கிறேன்." சொல்பவர் பெரும்பாலும் ஒரு கடைக்காரராகவோ லொறிச் சொந்தக்காரராகவோ இருப்பார். கையில் கசங்கிய கடிதக் கட்டு. நீதவான் பொறுமையாகக் கேட்பார், பின்னர் அதை ஆராயும் அதிகாரம் தமக்கு இல்லை என்பார். அவர் இரக்கமற்றவரல்லர். சட்டம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

1979ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகம் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்று நீதவானிடம் போனால் போதும். வரி கூடுதல், பிழை, மேன்முறையீட்டில் உள்ளது என்ற எந்த வாதத்துக்கும் அங்கே இடமில்லை. சான்றிதழிலுள்ள தொகை நீதவான் விதித்த தண்டப்பணம் போலவே அறவிடப்படும். கட்டத் தவறினால் சிறை. பின்வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இதே தடத்தில்தான் நடந்தது. வழக்கே நடக்காமல் தீர்ப்பு மாத்திரம் நடக்கும் இந்த ஏற்பாட்டை நம் சட்டத்தரணிகள் பழகிப்போன முகத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பதே எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது ரிசீவர் விடயத்துக்கு வருகிறேன். சட்டத் தமிழில் 'பெறுநர்' என்பார்கள். வழக்கு முடியும்வரை ஒருவருடைய சொத்தையோ தொழிலையோ பொறுப்பேற்கும்படி நீதிமன்றம் நியமிக்கும் ஆள். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 671ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க இறைவரிச் சட்டம் பெறுநர் மீதும் வரிப்பொறுப்பைச் சுமத்துகிறது. கடன்காரரும் பங்காளியும் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்க, ரிசீவர் கையிலிருக்கும் பணத்தில் அரசும் தன் பங்கைக் கேட்டு நிற்கும்.

சரி, அந்த நியமனக் கட்டளை பிழையென்றால் சொத்துக்காரர் என்ன செய்யலாம்? 754ஆம் பிரிவு இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. இறுதித் தீர்ப்பென்றால் உரிமையாகவே மேன்முறையீடு செய்யலாம்: 14 நாட்களில் அறிவித்தல், 60 நாட்களில் மனு. வெறும் 'கட்டளை' என்றால் 14 நாட்களுக்குள் முன்னனுமதி கேட்டு நிற்கவேண்டும். அனுமதி கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ரிசீவர் நியமனம் இந்த இரண்டாம் கதவுக்குரியது.

எது தீர்ப்பு, எது கட்டளை என்பதிலேயே நம் உயர்நீதிமன்றம் பல ஆண்டுகள் தடுமாறியது. 1984இல் சிறிவர்தன எதிர் எயார் சிலோன் வழக்கில் நீதியரசர் சர்வானந்தா கட்டளையின் விளைவைப் பார்க்கச் சொன்னார். அது உரிமையை முடித்துவிடுகிறதா என்பதே அவருடைய கேள்வி. 1998இல் ரஞ்சித் எதிர் குசுமாவதி வழக்கில் நீதியரசர் தீரரத்ன விண்ணப்பத்தைப் பார்க்கச் சொன்னார். எந்தப் பக்கம் முடிவு போனாலும் வழக்கு முடிந்திருக்குமா என்பது அவருடைய கேள்வி. 2011இல் ராஜேந்திரன் செட்டியார் வழக்கில் ஐந்து நீதியரசர்கள் அமர்ந்து இரண்டாவது வழியையே தேர்ந்தார்கள். சட்டத்தின் தெளிவு நல்லதுதான். ஆனால் தவறான கதவைத் தட்டியவரின் மேன்முறையீடு உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கப்படாமலே தள்ளப்பட்டது. என் மனம் சர்வானந்தாவின் பக்கமே சாய்கிறது. ரிசீவர் பூட்டுப் போட்ட கடைக்கு 'இடைக்காலம்' என்று ஒன்று கிடையாது. மூன்று மாதம் மூடிக்கிடந்தால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

இந்தியாவைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டுக் கோவையின் 43ஆம் கட்டளை, ரிசீவர் நியமனத்துக்கு எதிராக அனுமதி கேட்காமலே மேன்முறையீடு செய்ய இடமளிக்கிறது. அமெரிக்காவில் வரிப்பாக்கிக்காக ரிசீவரை நியமிக்கச் சட்டம் உண்டு. அதே நாட்டின் கூட்டாட்சிச் சட்டம், ரிசீவர் நியமனக் கட்டளையை வழக்கு முடியுமுன்னரே உரிமையாக மேன்முறையீடு செய்யவும் விடுகிறது. அங்கெல்லாம் திறைசேரி மூழ்கிவிடவில்லை.

மாத்தளைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1848இல் தோரிங்டன் பிரபு துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங், நாய்க்கு ஒரு ஷில்லிங், கடைக்கு ஒரு பவுண், வீதிக்கு ஆறு நாள் உழைப்பு அல்லது மூன்று ஷில்லிங் என்று வரி போட்டார். ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். 28இல் மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. மறுநாள் இராணுவச் சட்டம். காயப்பட்ட சிப்பாய் ஒருவரே, ஆனால் இராணுவ நீதிமன்றங்கள் பதினெட்டுப் பேரைச் சுட்டன. கிளர்ச்சிக்காரர் என்று பெயர் கேட்டோரின் சொத்துகள் பறிமுதலாகி ஏலம் போயின. சொத்தை ஒளித்தவரை மிரட்டிய கப்டன் வொட்சனின் அறிவித்தல்களில் இருப்பது தம் கையெழுத்தே அல்ல என்று அவர் மறுக்க, அந்தச் சர்ச்சை இலண்டன் பாராளுமன்றம் வரை போனது.

குடாபொல தேரரைக் காப்பாற்றத் தண்டனையை ஒத்திவைக்கும்படி இராணியின் சட்டத்தரணி செல்பி ஆளுநரிடம் நேரில் போய்க் கேட்டார். ஊரிலுள்ள எல்லாச் சட்டத்தரணிகளும் நிரபராதி என்று சொன்னாலும் நாளைக் காலை சுடப்படுவார் என்பதே தோரிங்டனின் பதிலின் சாரம். ஓகஸ்ட் 26இல் காவியுடையோடு அவர் சுடப்பட்டார். பிறகு பொறுப்புவிலக்குச் சட்டம் ஒன்றும் வந்தது. ஏலத்தில் மாட்டையும் நெல்லையும் இழந்தவர் வழக்குப்போடும் வழியும் அத்தோடு அடைபட்டது. 1850இல் தோரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். ஏலம் போன மாடு திரும்பவில்லை.

எனக்குத் தெரிந்த முன்னாள் அதிகாரி ஒருவர் இதற்குச் சிரிப்பார். "எல்லாருக்கும் மேன்முறையீடு கொடுத்தால் வரி யார் கட்டுவது?" என்பார். 2022இன் நெருக்கடிக்குப் பின் அவருடைய குரல் இன்னும் உரத்துவிட்டது. 2024இல் பெறுமதி சேர் வரி 18 வீதமானது, பதிவு எல்லையும் ஆண்டுக்கு ஆறு கோடி ரூபாவாக இறங்கியது. நடுத்தரக் கடைகள் பலவும் வலைக்குள் வந்துவிட்டன. அவர்களிடம் கணக்காளர் இல்லை, கொழும்பிலுள்ள வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவின் முன் நிற்பதற்கே சர்ச்சைக்குரிய தொகையின் ஒரு பகுதியைக் கட்டவோ வங்கி உத்தரவாதம் வைக்கவோ வேண்டும். வரி ஏய்ப்பவன் இதைச் சமாளித்துக்கொள்வான், அவனிடம் பணம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய திருத்தமல்ல. ரிசீவர் நியமனமும், வரிக்காகச் சொத்தைக் கையகப்படுத்தும் கட்டளையும் அனுமதியின்றி மேன்முறையீடு செய்யத்தக்கவை என்று 754இல் ஒரு உட்பிரிவு. மனு நிலுவையில் இருக்கும்வரை விற்பனை கூடாது என்று இன்னொன்று. திறைசேரி அஞ்சினால் முப்பது நாளில் முடிக்கவேண்டும் என்று காலக்கெடுவும் வைக்கட்டும்.

கையில் கடிதக் கட்டோடு நின்ற அந்தக் கடைக்காரர்களில் ஒருவரைப் பின்னர் கண்டியில் சந்தித்தேன். மேன்முறையீட்டில் வென்றுவிட்டதாகச் சொன்னார். கடை என்னாயிற்று என்றேன். அதை முதல் வருஷமே விற்றுக் கட்டிவிட்டேன் தம்பி என்றார்.