குடிநோயாளர் கூட்டமும் ஓர் அறையும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்பது மறைமலை நகர். செங்கற்பட்டுக்கு வடக்கே இருப்புப்பாதையை அடுத்துள்ள இந்நகர், இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலை வரிசையின் ஒரு முனையாகும். இரவு பகலாய் முறைமாற்றி உழைப்போர் பல்லாயிரவர் ஈண்டு வாழ்கின்றனர்.

இவ்விடத்துக் குடியை விட்டொழிக்க விழையும் ஒருவன் எங்ஙனம் துணை தேடுவான்? மதுக்கடைக்கு வழி அவனுக்கு ஒருவரும் காட்ட வேண்டுவதில்லை. தன்னைப்போற் குடித்துப் பின் நிறுத்தி நிற்பார் கூடும் இடம் யாதென்று வினவவோ அவனுக்கு நா எழுவதில்லை. ஒப்பந்தக் கூலியாய் இருப்பவன் மேலதிகாரியைக் கேட்டால் வேலை போய்விடும் என அஞ்சுவான். மனையாளிடம் பன்முறை வாக்களித்துத் தவறியவன் இன்னுமொரு முறை வாய் திறக்க நாணுவான்.

இத்தேடலின் அருமையை உணர்தற்கு, 1935-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிகழ்ந்ததொன்று துணை செய்யும். குடியை நிறுத்திச் சில திங்களே ஆன வில்லியம் வில்சன் என்பார், வணிக முயற்சியில் தோல்வியுற்று ஒரு விடுதியில் தனித்திருந்தார். ஒருபுறம் மதுச்சாலை; மறுபுறம் தொலைபேசியும், அவ்வூர்த் திருச்சபைகளின் பெயர்ப்பட்டியலும். அவர் பட்டியலை நாடினார். ஒரு குருவானவரை அழைத்து, தம்மோடு பேசுதற்கு வேறொரு குடிநோயாளர் வேண்டும் என்றார். அவ்வழியே இராபர்ட் ஸ்மித் என்னும் மருத்துவரைக் கண்டார். கால்மணி நேரமே இருக்க இசைந்த மருத்துவர் பல மணி நேரம் பேசியிருந்தார். அவர் இறுதியாகக் குடித்ததாகக் கொள்ளும் ஜூன் 10-ஆம் நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அஃதாவது பெயர் வெளியிடாக் குடிநோயாளர், என்னும் கழகத்தின் பிறந்தநாளாயிற்று. 1957-இல் அக்கழகம் இந்தியாவில் வேரூன்றியது. வில்சன் அறிவுரை வேண்டி அழைத்தாரல்லர் என்பதை அன்பர்கள் கருதுக.

திருவள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் ஈற்றயற் குறளையும் ஈற்றுக் குறளையும் இக்கருத்துப்படவே அடுத்தடுத்து வைத்தாரோ என எமக்குத் தோன்றுகின்றது. களித்தவனுக்குக் காரணங் காட்டித் தெளிவித்தல் கைகூடாது என்பது முன்னது. தான் குடியாத போழ்தில் களித்த பிறனைக் காண்பவன் தன் சோர்வை நினையானோ என்பது பின்னது. நாமோ முன்னது ஆகாதென்ற செயலையே மேடைதோறும் செய்கின்றோம். கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் மதுவிலக்குப் பேச்சுப்போட்டியும் அவ்வினத்ததே. பரிசு பெறுவோர்க்கு மட்டும் அதனால் நன்மையுண்டு.

இஃது வெறும் நம்பிக்கை அன்று. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, நோயாளரை முறையாக இக்கூட்டங்களில் ஈடுபடுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருத்தல் என்னும் அளவில் பிற உளச் சிகிச்சைகளை விஞ்சி நிற்பதைக் காட்டிற்று. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியற் கழகத்தாரின் ஆய்வு 2019-இல் உரைத்ததோ, குடிக்கு அடிமைப்பட்டோர் 38 பேருள் ஒருவரே ஏதேனும் உதவி பெற்றனர் என்பது.

ஒன்று மட்டும் அழுத்திக் கூறல் வேண்டும். நெடுங்காலம் மிகுதியாய்க் குடித்தவன் திடீரென நிறுத்தின், வலிப்பும் அறிவுமயக்கமும் தோன்றி உயிர்க்கே கேடு விளையக்கூடும். ஆதலின் அவன் முதற்கண் மருத்துவரை அடைதல் வேண்டும். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அணித்தே உள்ளது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் 1980-இல் தொடங்கிய நிலையம் டி.டி.கே. மருத்துவமனையாய் வளர்ந்து, மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களிலும் முகாம் அமைத்து மருத்துவம் செய்தது. 14446 என்னும் எண்ணில் அரசின் உதவியும் உண்டு. எனினும் உடலினின்று நஞ்சு நீங்கச் சின்னாளே போதும். வீடு திரும்பியபின் வரும் மாலைப்பொழுதுகளே நெடியவை.

மதுவிலக்கு வரின் இவையெல்லாம் வேண்டா என்பாரும் உளர். 1937-இல் சேலத்தில் தொடங்கி 1948-இல் மாகாணமெங்கும் பரவிய விலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது. அவ்வழக்கை ஈண்டு ஆராயப் புகுந்திலேம். சட்டம் எதுவாயினும், இன்று நடுங்கும் கையோடு நிற்பவனுக்கு இன்றே ஒரு கூட்டம் வேண்டும். கூட்டத்திற் கடவுளைப் பற்றிய பேச்சு வருவதால் தயங்குவாரும் உளர். தாம் அறிந்தவாறே இறைமையைக் கொள்ள அங்கு இடமுண்டு. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராதற்குப் போதும்.

நாம் செய்யத்தக்கது சிறிது. திருச்சபைகளும் மிஷன் பள்ளிகளும் ஓர் அறையைத் தரலாம். இரவுவேலை முடித்து வருவார்க்கு முற்பகலிலும், பகல்வேலை முடித்து வருவார்க்கு மாலையிலும் அது திறந்திருத்தல் வேண்டும். பீகாரினின்றும் ஒரிசாவினின்றும் வந்து இங்கு உழைப்போர்க்கு இந்தியிற் பேசும் கூட்டமும் வேண்டும். ஆலைகளில் மேலாளராய் உள்ள நம் பழைய மாணாக்கர், யார் யார் போயினர் என்று பட்டியல் கேளாதிருத்தலே பேருதவி. வருகைப் பதிவேடு புகுந்தால் அங்கு ஒருவரும் வாரார். அறைக்கு வாடகை வாங்கலாமோ எனத் தயங்க வேண்டா. புறத்தார் பொருளை ஏலாது தம்முள்ளே தண்டித் தம் செலவை நடத்துதல் அக்கழகத்தார் மரபு. விளக்குச் செலவை அவர்களே தந்துவிடுவர்.