வானத்தில் விளக்கு தெரிந்தால்



பறக்கும் தட்டு என்றால் ஒன்று கேலி செய்கிறோம். இல்லையென்றால், வரிசையாக நகரும் ஒளிப்புள்ளிகளை வேற்றுக்கிரகவாசிகள் என்று குடும்பக் குழுவில் தட்டிவிடுகிறோம். (அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள், மாப்பிள்ளை!) இரண்டுமே எனக்கு ஒப்பாது.

நார்வேயில் ஹெஸ்டாலன் என்றொரு மலைப் பள்ளத்தாக்கு. 1981 கடைசியிலிருந்து 1984 வரை இரவில் அங்கே விளக்குபோல் ஏதோ அடிக்கடி தெரிந்தது. சில சமயம் வாரத்துக்கு 15, 20 தடவை. பறக்கும் தட்டு ஆர்வலர்கள் சிலர் 1983-ல் ஒன்றுகூடினார்கள். அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் ராடார், கேமரா, காந்தப்புலத்தை அளக்கும் கருவி எல்லாம் கொண்டுபோய், அந்தப் பனியில் ஐந்து வாரம் காவல் இருந்தார்கள். விமானம் என்று தெரிந்ததைக் கழித்தார்கள். மிச்சத்தை நேரத்தோடு குறித்து வைத்தார்கள். 1998-ல் அங்கே தானியங்கிக் கேமரா நிலையமே வந்தது. பிறகு இத்தாலிய விஞ்ஞானிகளும் போய் ஆராய்ந்தார்கள். அந்த ஒளி எதனால் என்பதில் இன்றும் ஒருமித்த விடை இல்லை. விடை தெரியாததை வேற்றுக்கிரகம் என்று எழுதி முடித்துவிடாத அவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். என் வகுப்பில் இருந்திருந்தால் செய்முறைக்கு முழு மதிப்பெண்!

அதனால் இனி காணொளி அனுப்புகிறவர்கள் மணி, திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். உயரத்துக்குக் கையை நேராக நீட்டி முஷ்டியால் அளக்கலாம். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அந்தியில் மேற்கே அசையாமல் பளிச்சென்று நின்றால், முதலில் வெள்ளிக் கிரகமா என்று பாருங்கள்.