கோடு போட்டவர் யாரப்பா?



இன்ஜினியரிங் டிராயிங்கில் ஒரு கோடு போடும்முன் எதை அடிப்படையாக வைத்து அளக்கிறாய் என்று கேட்கிறார்கள். அது தெரியாமல் போட்ட கோட்டுக்கு மார்க் கிடையாது. அரசாங்கம் போட்ட வறுமைக் கோட்டுக்கு மார்க் போடுவது யார்?

2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, நாளொன்றுக்கு நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழித்தால் ஏழையில்லை! நாடே சிரித்தது. 2013-ல் வந்த அடுத்த கணக்கில், 2011-12க்குத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஆளுக்கு மாதம் 880 ரூபாய். நாளுக்கு 29 ரூபாய் சொச்சம். 2014-ல் ரங்கராஜன் குழு அகில இந்தியக் கிராமங்களுக்கு 972 என்றது. பிறகு திட்டக் கமிஷனே போய்விட்டது.

கோடு ஏன் இவ்வளவு கீழே? 1979-ல் கிராமத்துக்கு 2400 கலோரி, நகரத்துக்கு 2100 கலோரி என்று வைத்து, 1973-74 விலையில் கிராமத்துக்கு மாதம் 49 ரூபாய் என்றார்கள். வயிறு மட்டும்தான் கணக்கு. 2009-ல் டெண்டுல்கர் குழு படிப்பையும் மருத்துவத்தையும் பார்த்தது. நல்ல விஷயம்தான், மறுக்கலை. ஆனால் கோட்டருகே இருந்த குடும்பங்கள் நிஜமாகச் செலவழித்ததை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் செலவோடு ஒப்பிட்டு, போதும் என்றது. இல்லாதவன் செலவழிக்காமல் விட்டது அவன் தேவை இல்லை என்று ஆகிவிடுமா? அந்த வீட்டுப் பிள்ளை டிப்ளமோ வரைக்கும் வரும், டிராப்டர் கேட்கும், காக்கி யூனிபார்ம் கேட்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நாம வந்துட்டோம்!

இதைப் பாருங்கள். 880 ரூபாய்க் கணக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு 42,240 ரூபாய். அதே 2013-ல் தாழ்த்தப்பட்ட மாணவர் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு 2,50,000 ரூபாய். 2019-ல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு ஒதுக்கீட்டுக்கோ 8 லட்சம்! ஒன்று செலவு, மற்றது வருமானம் என்று பொருளாதாரம் படித்தவர் சொல்வார். சரி சார், செலவு எங்கிருந்து வருது? எட்டு லட்சம் வரைக்கும் ஒருவர் நலிந்தவர், 43 ஆயிரம் செலவழிக்கிற எங்க ஊர்க் கூலிக்காரர் ஏழையில்லை. இது எந்த ஸ்கேல்?

ஏழைகள் கூடினார்களா குறைந்தார்களா என்று பார்க்க ஒரு கோடு வேண்டும் என்பார்கள். எண்ணுவதற்கு வைத்துக்கொள்ளட்டும். அதை வைத்து வாசலில் ஆளை நிறுத்தக்கூடாது. 1997-ல் மத்திய அரசு ரேஷனைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவாகவே வைத்தது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். ஓமந்தூரில் பையோடு வரிசையில் நிற்கிற கிழவியிடம் ‘கோட்டுக்குக் கீழேயா’ என்று யாரும் கேட்டதில்லை. அதனால்தான் பல வீட்டில் உலை கொதிக்குது.

சராசரி என்பது இன்னொரு ஏமாற்று. மல்லாட்டை பிடுங்குகிற நாளில் கூலி உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒன்றுமில்லை. மொத்தத்தை முப்பதால் வகுத்தால் தினமும் சாப்பிட்ட மாதிரிதான் தெரியும். பரீட்சை பீஸ் கட்டக் கடைசித் தேதி மழைக்காகக் காத்திருக்காது. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போவது அந்த மாசத்தில்தான். வட்டி எந்தக் கோட்டிலும் ஏறவில்லை.

அடுத்த குழு எப்போது உட்காருமோ தெரியாது. உட்காரும்போது டெல்லியிலேயே இருந்துவிடாமல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வரட்டும். ஐப்பசியில் வரட்டும்!

– இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், ஓமந்தூர்