பனிக்குள் நிற்கும் மரங்கள்

ஜப்பானியர் தங்கள் வீடுகளை அலங்கரித்த விதத்தைப் பற்றி இந்த வாரம் பேசலாம் என்று உட்கார்ந்தேன். அழகில் ஆரம்பித்த பேச்சு ஒரு தகப்பனாரின் துக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஆனாலும் கேளுங்கள்.

பழைய ஜப்பானிய மாளிகைகளில் கட்டிய சுவர்கள் குறைவு. பெரிய கூடத்தை வேண்டும்போது இரண்டாக்கிக் கொள்ளவும், குளிர் காற்றைத் தடுக்கவும் மடக்குத் திரையை விரித்து நிறுத்துவார்கள். அதற்குப் 'பியோபு' என்று பெயர். 'காற்றுத் தடுப்பு' என்பதுதான் அர்த்தம். மரச் சட்டங்களில் காகிதம் ஒட்டி, காகிதத்தினாலேயே கீல் அமைத்து அவற்றை இணைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு திரைக்கு ஆறு மடிப்பு. இரண்டு திரைகள் சேர்ந்தால் ஒரு ஜோடி.

காற்றைத் தடுக்க வந்த இந்தச் சாமானில் சித்திரக்காரர்கள் பருவங்களையே கொண்டு வந்து வைத்தார்கள். செர்ரி பூத்தால் வசந்தம். மேப்பிள் இலை சிவந்தால் இலையுதிர் காலம். நான்கு பருவங்களை வரைந்த திரையை வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு வருஷம் ஓடிவிடும்! பின்னணியில் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். அது செல்வத்தைக் காட்ட மட்டும் அல்ல. இருண்ட உட்கூடத்தில் விளக்கின் சிறு ஒளியை வாங்கி, அறை முழுவதும் திருப்பிக் கொடுப்பது அந்தத் தங்கம்தான்.

ஹாசெகாவா தோஹாகு (1539-1610) இந்தக் கலையில் பெரிய கை. கடலோர ஊரான நானாவோவில், சாயத் தொழில் செய்யும் குடும்பத்தில் வளர்ந்து, கியோட்டோவுக்கு வந்து பெயர் எடுத்தவர். அவருடைய மகன் கியூஸோவும் ஓவியர். நளினத்தில் தந்தையையும் மிஞ்சியவர் என்று பிற்காலத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்போது ஜப்பானைத் தன் கைக்குள் வைத்திருந்தவர் ஹிதேயோஷி. 1591-ல் அவருடைய குழந்தை த்ஸுருமாத்ஸு இறந்து போனான். அவனுக்கு இரண்டு வயதுதான் கடந்திருந்தது. அவன் நினைவாக அவர் கியோட்டோவில் ஒரு கோயில் எழுப்பினார். அதன் அறைகளுக்கு ஓவியம் தீட்டும் வேலை தோஹாகுவுக்கும் அவருடைய குழுவினருக்கும் கிடைத்தது.

இவை மடக்குத் திரைகள் அல்ல, அறையோடு சேர்ந்த ஓவியங்கள். ஆனால் அதே தங்கம், அதே பருவங்கள். தந்தை மேப்பிள் மரத்தை வரைந்தார். மகன் செர்ரி மரத்தை வரைந்தார். சிப்பி ஓட்டை அரைத்துச் செய்த வெள்ளைச் சாயத்தைக் கனமாக அப்பி, ஒவ்வொரு பூவும் புடைத்து நிற்கும்படி செய்திருக்கிறார் கியூஸோ. பூக்கள் கொத்துக் கொத்தாக மரத்தை மூடியிருக்கின்றன. வாலிபத்தின் பூரிப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது.

1593-ல் கியூஸோ காலமானார். ஜப்பானியக் கணக்கில் அவருக்கு வயது 26. பிள்ளையை இழந்த ஒருவருக்காக ஓவியம் வரையப் போன தகப்பனார், தம் பிள்ளையையும் பறிகொடுத்தார்!

தோஹாகு வரைந்த வேறொரு படைப்பு, 'பைன் மரங்கள்' என்ற ஜோடித் திரை. மகன் மறைந்த பிறகு வரைந்தது என்றே பலரும் கருதுகிறார்கள். அதில் தங்கம் இல்லை, வர்ணம் இல்லை, பூ இல்லை. வெறும் கறுப்பு மை. ஐந்தடி உயரக் காகிதத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே வரையவில்லை. ஆனால் அந்த வெறுமைதான் பனிமூட்டம்! அதற்குள் சில மரங்கள் கருமையாக முன்னே நிற்கின்றன. சில, நிழல் போலக் கரைந்து போகின்றன. திரையை மடித்து நிறுத்தும்போது மரங்கள் முன்னும் பின்னுமாக விலகி நிற்பது போல் தெரியும். அருகில் போனால் மரம் மறைந்து, முரட்டுத் தூரிகைக் கோடுகள்தான் மிஞ்சும்.

மகனுடைய முகத்தை அவர் அதில் எழுதவில்லை. கண்ணீரையும் காட்டவில்லை. ஆனால் வீட்டில் ஒருவரை இழந்த எவரும் அந்தப் பனியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தகப்பன், மகன் இருவரின் மரங்களும் இன்று கியோட்டோவின் சிஷாகுயின் கோயிலில் சேர்ந்தே இருக்கின்றன. பைன் மரங்கள் இருப்பது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில். காகிதமும் மையும் வெளிச்சம் தாங்காதாகையால் சில நாட்கள் மட்டுமே பார்வைக்கு வைப்பார்கள். அந்தப் பக்கம் போகும் பாக்கியம் கிடைத்தால், இரண்டையும் பாருங்கள். முதலில் செர்ரி மரம். பிறகு பைன் மரங்கள்.